அறியாமை காப்பாகுமா?

"எனக்குத் தெரியாது" என்னும் சொல்லைப் போல மனிதனுக்கு நிழல் தரும் மரம் வேறில்லை. வீட்டில் பொருள் கெட்டாலும், ஊரில் பொதுக்காரியம் கெட்டாலும், வழியில் பிறனுக்குத் துன்பம் நேர்ந்தாலும், அம்மரத்தின் கீழ் ஒதுங்கி நின்று தப்பித்துக்கொள்வோர் மிகப் பலர். தெரிந்து செய்தவனைக் குற்றவாளி என்றும், தெரியாமல் செய்தவனைப் பாவம் என்றும் பேசுவதே உலக வழக்கு. இவ்வழக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? தெரிந்துகொள்ளக் கூடியதை ஒருவன் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால், அந்த அறியாமை அவனுக்குக் காப்பாகுமா? தெரிந்துகொண்டபின் அவன் தலைமேல் ஏறும் பொறுப்பு யாது? இவ்வினாக்களையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெருநூல்களைத் துணைக்கொள்வது அறிஞர் வழக்கம். நாமோ ஒரு பழைய மோட்டார் வண்டியைத் துணைக்கொள்ளப் போகின்றோம். அன்பர்கள் நகைக்க வேண்டா. நமக்கு இந்த வினாவைக் கற்பித்தது அவ்வண்டியே. எண்ணெய் படிந்த கையோடு அதன் முன்னே நின்ற நாட்களில்தான், நூல்களில் படித்தபோது விளங்காத சில செய்திகள் நமக்கு விளங்கின.

1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் மலேசியாவின் முதல் தேசியக் காராகிய புரோட்டான் சாகா வெளியிடப்பட்டது. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் பியோரே வண்டியை அடியொற்றி அமைந்தது அது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் கார் என்பது துரையின் பங்களா வாயிலில் நிற்கும் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. சாகா வந்து சில ஆண்டுகள் கழிந்தபின், புதிதாக வாங்க வகையற்ற நம்மனோரும், பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கி வாயிலில் நிறுத்தத் தலைப்பட்டோம். நாம் வாங்கியது 1988-ஆம் ஆண்டில் பதிவான வண்டி. அதற்கு நாம் மூன்றாம் உடைமையாளர். அது நம் கைக்கு வந்தபோதே முதுமை எய்தியிருந்தது. பட்டறைக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாத காரணத்தால், பழுது பார்க்கும் வேலையை நாமே கற்கத் துணிந்தோம். ஆசையாலன்று, வறுமையாலேயே ஸ்பேனரைக் கையில் எடுத்தோம் என்பதை மறைக்காமற் கூறிவிடுகின்றோம்.

ஆயினும் அந்த முன்மூடியை முதன்முதல் திறந்து நின்ற காலை, நம் உள்ளத்தில் எழுந்த அச்சம் பணத்தைப் பற்றியதன்று. "இதைத் தொடலாமா?" என்ற அச்சம் அது. அதன் வேர் எங்கே உள்ளது என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நம் தந்தையார் தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை எந்திரத்துக்கு முன் நின்று, உறைந்த பாற்கட்டியைத் தகடாக்கும் வேலையை 20 ஆண்டுக்கு மேல் செய்தவர். எந்திரம் நின்றுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பதே அவர் கற்ற பாடம். "ஏன் நின்றது?" என்று கேட்டால், "உன் வேலையைப் பார்" என்பதே மறுமொழி. நாள்தோறும் எந்திரத்தோடு உறவாடியவருக்கு, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டிருந்தது.

தமிழனுக்கு எந்திர அறிவு வாராது என்று இதற்குப் பொருளன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் எழுந்த செந்தூல் ரயில் பட்டறையில், நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அறிவு வளர்ந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்ட இடத்தில் அச்சம் வளர்ந்தது. இவ்வளவே வேறுபாடு. போதாக்குறைக்கு, கையில் அழுக்குப் படியும் தொழிலைத் தாழ்வென எண்ணும் பழைய நோயும் நம்மவரை விட்டபாடில்லை. வெள்ளைச் சட்டை உடுத்த மகன் எண்ணெய்க் கையோடு நிற்பதைக் காணப் பொறாத தாய்மார் இன்றும் உளர். ஆகவே, தன் வண்டியின் முன்மூடியைத் தானே திறக்கும் தமிழன் ஓர் இரும்பு மூடியை மட்டும் திறப்பவனல்லன். "உனக்கு இது வேண்டா" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதையும் அவன் சேர்த்தே திறக்கின்றான்.

இனி, திறந்தவன் கற்கும் முதற்பாடத்தைக் கூறுவோம். கோலாலம்பூரிலிருந்து காராக் செல்லும் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா மேட்டை ஏறுகையில், ஒருநாள் நம் வண்டியின் வெப்பமுள் மெல்ல மேலே சென்றது. அதை நாம் கண்டோம். கண்டும், "இன்னும் சிறிது தூரந்தானே, உச்சியை அடைந்துவிட்டால் தணிந்துவிடும்" என்று நமக்கு நாமே கூறிக்கொண்டு ஓட்டினோம். முள் பொய் சொல்கிறது என்றும் ஒரு நொடி எண்ணினோம். உச்சியை அடையுமுன் முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது. மறுநாள் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிப் பார்த்தபோது, அதன் அடியில் மோரைப் போல வெண்மையான ஒரு கசடு ஒட்டியிருந்தது. எண்ணெயும் நீரும் கலந்துவிட்டதற்கு அதுவே சான்று.

இதன் காரணத்தை அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, தீப்பற்றுகிறது. அத்தீயையும், அதைச் சுற்றி ஓடும் நீரையும், உறுப்புகளை வழுவழுப்பாக்கும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது, சிலிண்டர் கட்டைக்கும் அதன் தலைக்கும் நடுவே வைத்து இறுக்கப்பட்ட கேஸ்கட் என்னும் மெல்லிய தகடே. கட்டை வார்ப்பிரும்பால் ஆனது. தலை அலுமினியத்தால் ஆனது. சூடேறினால் அலுமினியம் இரும்பினும் மிகுதியாக விரியும். அளவுக்கு மேல் சூடேறினால் தலை கோணிவிடும், கேஸ்கட்டும் கெடும். நாம் ஓட்டிய அந்தச் "சிறிது தூரம்" செய்த வேலை இதுதான்.

தலையைக் கழற்றினோம். கடைசல் பட்டறையில் கொடுத்து அதன் அடிப்பரப்பைச் சமன் செய்துகொண்டோம். புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டினோம். பூட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, ஒரே மூச்சில் அல்லாமல் படிப்படியாக இறுக்க வேண்டும் என்பது விதி. புத்தகத்தில் அதைப் படித்திருந்தோம். ஆயினும் கைக்கு எட்டிய பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு, மற்றப் பக்கத்துக்குப் பிறகு சென்றோம். மூன்றாம் நாளே மீண்டும் நீர் கசிந்தது. இன்னொரு கேஸ்கட்டும் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் செலவாயின.

மனிதரிடம் சாக்குச் சொல்லலாம். முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வர். எந்திரத்தினிடம் சாக்குச் செல்லாது. "களைப்பாக இருந்தது", "வெளிச்சம் போதவில்லை", "ஏறக்குறையச் சரியாகத்தான் செய்தேன்" என்பனவற்றுக்கு அது செவி சாய்ப்பதில்லை. நாம் செய்தது எதுவோ அதையே அது நமக்குத் திருப்பிக் காட்டும். குலம், கல்வி, பதவி, சொல்வன்மை ஆகிய எதையும் அது பாராது. பொய்யோடு வாழப் பழகிய உள்ளத்துக்கு இது கடுமையான பள்ளிக்கூடம். ஆயினும் நல்ல பள்ளிக்கூடம். அங்கே நாம் இழந்தது நம் பணத்தையும் நம் ஓய்வையும் மட்டுமே என்பதை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். நம் பிழையின் விலையை நாமே கொடுத்தோம்.

இவ்வாறு சில ஆண்டுகளில் நமக்குத் தேர்ச்சி உண்டாயிற்று. தேர்ச்சியோடு செருக்கும் உண்டாயிற்று. அந்நிலையில் 2009-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 15 ஆண்டைக் கடந்த வண்டிகள் சாலை வரி புதுப்பிக்குமுன் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று மலேசிய அரசாங்கம் அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள்ளாகவே அவ்வறிவிப்புக் கைவிடப்பட்டது. எதிர்த்தவருள் நாமும் ஒருவர். "ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று தேநீர்க் கடையில் உரக்கப் பேசினோம். அதில் நியாயம் இருந்தது. அதோடு நில்லாமல், "என் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், அதன் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும், எவனோ வந்து பார்க்க வேண்டிய தேவை என்ன?" என்றும் கூறினோம்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரையுள்ள கார்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். அங்கே சட்டத்தின் கண் பார்க்கிறது. சட்டத்தின் கண் பாராத இடத்தில், பார்க்க வேண்டிய கண் உடைமையாளனின் மனச்சாட்சி ஒன்றே. "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்று உரக்கச் சொன்னது ஒரு வாக்குறுதி என்பதை அப்போது நாம் உணர்ந்தோமில்லை.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்சக்கரம் ஒன்றின் உள்ளே பிரேக் எண்ணெய் கசிவதைக் கண்டு, அதன் சிறு சிலிண்டரைக் கழற்றிப் புதியது பூட்டினோம். பிரேக் வேலை செய்யும் விதம் எளியது. காலால் பெடலை மிதிக்கும் விசையை, குழாயில் நிறைந்த எண்ணெய் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. நீர்மப் பொருளை நெருக்கிச் சுருக்குவது அரிது. ஆகவே மிதித்த விசை அப்படியே போய்ச் சேரும். ஆனால் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், காற்றுச் சுருங்கும் இயல்புடையதாகலின், நம் விசை அதைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். பெடல் பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே போகும். ஆதலால் குழாயைப் பிரித்துப் பூட்டியபின், உள்ளே புகுந்த காற்றை முற்றும் வெளியேற்றுதல் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூடச் செய்யும் வேலை இது. அன்று வீட்டில் துணைக்கு ஆளில்லை. தாமே மிதிப்பதும், இறங்கி ஓடித் திருகைப் பார்ப்பதுமாக ஒருவாறு முடித்தோம். இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் தூறத் தொடங்கியது. பெடலை மிதித்துப் பார்த்தோம். சற்றே மெத்தென்றிருந்தது. "நாளைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கை கழுவினோம்.

இரவு எட்டு மணிக்கு அண்டை வீட்டுக்காரர் ஓடிவந்தார். நம்மினும் மூத்தவர், லாரி ஓட்டுபவர். அவர் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. "தம்பி, வண்டியைக் கொஞ்சம் குடுங்க, கிளினிக்குக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்றார். அன்று பிற்பகல் நாம் சக்கரத்தடியில் கிடந்ததை அவர் பார்த்து, "எல்லாத்தையும் நீங்களே செய்யுறீங்களே, தம்பி!" என்று வியந்து சென்றிருந்தார். அந்த வியப்பு நம் செவியில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. "பிரேக் இன்னும் சரியாகவில்லை" என்று சொன்னால் அவ்வினிமை போய்விடும். "ஒருவேளை சரியாகத்தான் இருக்கும், மெதுவாகத்தானே போவார், மெத்தென்றிருப்பது நம் மனப்பிரமையாகவும் இருக்கலாம்" என்று ஒரு கணத்துக்குள் மூன்று காரணங்களை உள்ளம் புனைந்து தந்தது. சாவியைக் கொடுத்தோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மனைவி பின்னிருக்கையில் ஏறியதையும் கண்டோம். வாய் திறந்தோமில்லை.

பதினொரு மணிக்குத் திரும்பினார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "ரொம்ப நன்றி, தம்பி. பிரேக்குதான் கொஞ்சம் இறங்குது. சந்திப்புல ரெண்டு மிதி மிதிச்சேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று கூறிச் சாவியை நம் கையில் வைத்தார்.

ஒன்றும் நேரவில்லை. ஆகவே குற்றமும் இல்லையா? இதுவே நாம் ஆராய வந்த வினா.

இங்கிலாந்துத் தேசத்துக் கணித அறிஞராகிய வில்லியம் கிங்டன் கிளிபோர்டு என்பவர் 1877-ஆம் ஆண்டில் நம்பிக்கையின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் அவர் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகின்றார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. குடிபெயர்வோரை ஏற்றிக்கொண்டு அது கடல் கடக்கவேண்டும். அது தாங்குமா என்ற ஐயம் முதலாளிக்கு எழுகிறது. பிரித்துப் பார்த்துச் சரிசெய்யப் பெருஞ்செலவாகும். எத்தனையோ புயலைக் கடந்த கப்பல் இம்முறையும் கடக்கும் என்றும், ஏழைக் குடும்பங்களைத் தெய்வம் கைவிடாது என்றும் தமக்குத் தாமே கூறி ஐயத்தை அடக்கிவிடுகின்றார். கப்பலைப் பற்றி உண்மையாகவே நம்பிக்கையும் கொண்டுவிடுகின்றார். கப்பல் மூழ்குகிறது. காப்புறுதிப் பணம் அவருக்கு வருகிறது.

அவருடைய நம்பிக்கை உண்மையானதாக இருந்தும், அவரே அம்மக்களின் சாவுக்குக் குற்றவாளி என்பது கிளிபோர்டின் முடிவு. அந்நம்பிக்கையை அவர் ஆராய்ந்து பெறவில்லை. ஐயத்தை நசுக்கிப் பெற்றார். இதனினும் கூர்மையான வினா ஒன்றை அடுத்து அவர் எழுப்புகின்றார். அக்கப்பல் மூழ்காமல் நல்லபடியே கரை சேர்ந்திருந்தால், முதலாளியின் குற்றம் குறையுமா? அணுவளவும் குறையாது என்பதே அவர் விடை. கரை சேர்ந்தவன் குற்றமற்றவனாகிவிடவில்லை, அகப்படாதவனாகின்றான், அவ்வளவே. செயல் செய்யப்பட்ட அக்கணத்திலேயே அது நன்றோ தீதோ என்பது முடிந்துவிட்டது. பின்னர் விளைவது தற்செயல்.

இதைப் படித்த நாளில், காராக் மேட்டில் நாம் கண்ட வெப்பமுள்ளும், ஞாயிறு மாலையில் மிதித்த பெடலும் ஒருங்கே நம் நினைவுக்கு வந்தன. இரண்டு இடத்திலும் வண்டி உண்மையைச் சொல்லிற்று. இரண்டு இடத்திலும் நாம் அதன் வாயை மூடினோம். முதற்பிழையின் விலையை நாம் கொடுத்தோம். இரண்டாம் பிழையின் விலையை, காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை கொடுத்திருக்கக் கூடும்.

இங்கே அன்பர் சிலர் தடை எழுப்புவர். "அப்படியாயின் கல்லாமல் இருப்பதே நலம் போலும்! முன்மூடியைத் திறவாதவனுக்குப் பெடல் ஏன் மெத்தென்றிருக்கிறது என்று தெரியாது. அவனுக்கு இவ்வருத்தமும் இல்லை. அறிவு சுமையைத்தானே ஏற்றுகிறது?" என்பது முதல் தடை. இது கேட்க இனியது, ஆனால் போலி. பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் ஒரு பொருளைக் கைக்கொண்டவன், அதன் நிலையை அறியும் கடமையையும் உடன் கைக்கொண்டுவிட்டான். தானே அறிய இயலாதெனின், அறிந்தவரைக் கொண்டு பார்க்கவேண்டும். பாராமல் இருப்பதும் ஒரு செயலே. அதைச் செய்பவனும் அவனே. கல்லாதவன் பொறுப்பின்றி இருக்கவில்லை. பொறுப்பைக் காணாமல் இருக்கின்றான். அறிவு சுமையைப் புதிதாக ஏற்றுவதில்லை; முன்னரே தோளில் இருந்ததைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

"ஏழை என் செய்வான்? பிழைப்புக்கு வண்டி வேண்டும், பழுது பார்க்கப் பணமில்லை" என்பது இரண்டாம் தடை. இதை நாம் இகழோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பட்டணத்து அடுக்குவீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குப் பழைய வண்டி ஆடம்பரமன்று. வேலைக்குச் செல்லும் கால். செல்வனுக்கு ஒரு நாள் செலவாகும் தொகை, ஏழைக்கு ஒரு மாத அரிசியாகும். இவ்வேற்றுமை அநீதியே; அதை நீக்க முயல்வது சமுதாயத்தின் கடன். ஆயினும், வறுமை நம் வண்டியின் வயதை முடிவு செய்யலாம். அதைப் பற்றி நாம் உண்மை பேசுவதா பொய் பேசுவதா என்பதை வறுமை முடிவு செய்வதில்லை. "பிரேக் சரியில்லை" என்று சொல்ல ஒரு காசும் செலவில்லை. அன்று நம் வாயை அடைத்தது வறுமையன்று, செருக்கே.

மூன்றாவது, நம்மவரிடையே ஆழ வேரூன்றியது. புதிய வண்டி வாங்கினாலும் பழையது வாங்கினாலும், நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்மூடிக்கு மாலையிட்டுச் சந்தனம் பூசுகின்றோம். அன்போடு செய்யும் அச்சடங்கை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. பழம் நசுங்கும் சக்கரத்துக்குள்ளேயே பிரேக் தேய்ந்து கிடக்கிறதே, அதை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்கின்றோம். கிளிபோர்டு காட்டிய கப்பல் முதலாளியும் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டவரே. தான் செய்ய வேண்டியதைச் செய்தவன் போடும் பாரம் வேறு. செய்யாமல் இருப்பதற்காகப் போடும் பாரம் வேறு.

இனி நடந்ததைக் கூறி முடிப்போம். மறுநாள் மாலை நம் மனைவி பெடலை மிதிக்க, நாம் சக்கரத்தருகே அமர்ந்து திருகைத் திறந்தோம். அதில் செருகிய குழலின் மறுமுனை பிரேக் எண்ணெய் நிறைந்த சீசாவில் அமிழ்ந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வெடித்தன. ஐயத்துக்கு இடமே இல்லை. நம் மனப்பிரமை என்று கூறி ஒதுக்கியது, நம் கண்முன்னே சீசாவில் எழுந்து எழுந்து மறைந்தது. குமிழி முற்றும் நின்றபின் பெடல் கல்லைப் போல் உறுதியாயிற்று.

வண்டி சரியாயிற்று, நாம் சரியானோமில்லை. அண்டை வீட்டு வாயிலைக் கடக்கும்போதெல்லாம் கால் தயங்கிற்று. எட்டு நாள் கழித்து அவரிடம் சென்று, அன்று மாலை பெடல் மெத்தென்றிருந்தது நமக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தே சாவியைக் கொடுத்தோம் என்பதையும் கூறினோம். அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லியிருந்தா நான் மெதுவாப் போயிருப்பேன், இல்லேன்னா எதிர் வீட்டுல கேட்டிருப்பேன். எதுன்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். அதை நீங்க எனக்குக் குடுக்கலையே, தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கிளிபோர்டின் கட்டுரையில் நாம் காணாத ஒன்றை அந்த லாரி ஓட்டுநர் காட்டினார். நாம் அவருக்கு இழைத்த தீங்கு, ஆபத்தில் ஆழ்த்தியது மட்டுமன்று. அவர் தம் குழந்தைக்காகச் செய்திருக்க வேண்டிய முடிவை, அவர் அறியாமல் நாம் செய்துவிட்டோம். நம் தந்தையார்க்கு "உன் வேலையைப் பார்" என்று கூறி எந்திரத்தின் அறிவை மறைத்தவர்களை எத்தனையோ முறை நொந்திருக்கின்றோம். அறிவு நம் கைக்கு வந்ததும், நாமும் அதையே அல்லவா செய்தோம்? அறிந்தவன் அறிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பிறனை அறியாமையில் நிறுத்தி, அவன் தலைவிதியைத் தானே எழுதுவது துரைக்கு மட்டும் உரிய குணமன்று. அது ஸ்பேனர் பிடித்த கைக்கும் வரும்.

ஆகவே நாம் கண்ட முடிவைச் சுருக்கிக் கூறுகின்றோம். பழைய வண்டியின் பழுதுகள் மூவகைப்படும். சாயம் மங்குதல், கண்ணாடி ஏறாமை போல்வன நம் கண்ணையும் பணப்பையையும் மட்டும் வருத்துவன. எஞ்சின் சூடேறுதல், தீப்பொறி வாராமை போல்வன பெரும்பாலும் நம்மை வழியில் நிறுத்துவன. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றின் பழுதுகளோ, நம்மை ஒருநாளும் கண்டறியாத மனிதரின் உயிரைத் தொடுவன. முதல் இரண்டிலும் நாமே கற்போம், பிழை செய்வோம், மீண்டும் செய்து பார்ப்போம். கற்பதற்குப் பிழை வேண்டும். அப்பிழையின் விலையை நாமே கொடுப்போமாயின் அதில் இழிவில்லை. மூன்றாம் வகையிலும் நாமே உழைக்கலாம். ஆனால் தேர்ந்தவர் ஒருவர் பார்த்து "ஆம்" என்று சொல்லுமுன் சாலையில் இறக்கலாகாது. கேட்பதால் தன்மானம் குறையும் என்பது பேதைமை. தன் கையால் எல்லாவற்றையும் செய்வதே தற்சார்பு என்று பலர் எண்ணுகின்றனர். தன் அறிவு எங்கே முடிகிறது என்பதைத் தானே அளந்து அறிவதும் தற்சார்பின் பகுதியே.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் எளிதில் கொதித்துவிடும். ஆகவே 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. இதைப் படித்தபின் எவரும் "தெரியாது" என்று கூற இயலாது என்பதற்காகவே ஈண்டுச் சொல்லி வைக்கின்றோம்.

மின்கலத்தால் ஓடும் வண்டிகள் இன்று சாலையில் பெருகி வருகின்றன. எண்ணெயும் தீப்பொறியும் இல்லாத அவற்றுக்கும் பிரேக் உண்டு, டயர் உண்டு, சாவி வாங்கிச் செல்லும் அண்டை வீட்டாரும் உண்டு. ஆகவே நாம் எழுப்பிய வினா வண்டியோடு பழசாகிப் போவதன்று. நம் சாகாவைச் சில ஆண்டு கழித்து ஓர் இளைஞருக்கு விற்றோம். விற்குமுன், அதில் நமக்குத் தெரிந்த பழுதுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தோம். பதினேழு இருந்தன. அவர் படித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்டார். குறைத்துக் கொடுத்தோம்.